இருபத்தெட்டாவது கட்டம்

"ஏரி எண் 0037. வரிசை 22. தொடக்கம் 14. முடிவு 41." 1976ஆம் ஆண்டு மார்ச் 11 என்று தேதியிட்ட ஒரு படிவத்தின் கார்பன் நகலில், இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி இது. தாளின் அடியில் இரண்டு சுருக்கொப்பங்கள் இருக்கின்றன. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தமிழில் ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள். அந்த இரண்டு எழுத்துகள் என்னுடையவை. மேலே சொன்ன வரியில் ஒரு பிழை இருக்கிறது. அது ஒரு வரியாக இருந்திருக்கக் கூடாது. 14 முதல் 27 வரை என்று ஒரு வரி, 29 முதல் 41 வரை என்று இன்னொரு வரி, ஆக இரண்டு வரிகளாக எழுதியிருக்க வேண்டும். நடுவில் நாங்கள் விழுங்கிவிட்ட இருபத்தெட்டாவது கட்டத்தில் இருபத்தொரு வீடுகள் இருந்தன.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவரை நான் டிசைன் அண்ணன் என்று அழைத்தேன். அலுவலகத்தில் எல்லோருமே அப்படித்தான் அழைத்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய தற்காலிக அலுவலகம் அது. சுற்று வட்டாரத்து ஏரிகளின் உருவத்தை எண்களாக மாற்றிச் சென்னைக்கு அனுப்புவது அதன் ஒரே வேலை. சென்னையில் இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்குப் படம் புரியாது, எண் மட்டுமே புரியும். ஆகவே கிராம வரைபடத்தில் உள்ள ஏரியைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, நீர் பரவும் கட்டங்களுக்கு நீலம் தீட்டி, ஒவ்வொரு வரிசையிலும் நீலம் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகிறது என்று எழுத வேண்டும். எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே படிவம், ஒரே வரிசைமுறை. ஏரிக்குப் பெயர் கிடையாது, எங்களுக்கு வரும் வரைபடத்திலும்கூட நான்கு இலக்க எண் மட்டும் உண்டு. பெயர்களை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், எண் மாறாது என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். 0037 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்த ஏரி இருக்கிறது என்பது அதிகாரியின் பீரோவில் இருந்த ஒரு பட்டியலில் மட்டுமே இருந்தது.

இந்த வேலைக்கு வரைபடக்காரர் யாரும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் ஒரு ஏரிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் யாரோ சொல்லி டிசைன் அண்ணன் வந்தார். பட்டுப் புடவையின் உருவங்களைக் கட்டத் தாளில் ஏற்றுவதும், அந்தத் தாளைப் பார்த்து, தறியில் உருவத்தை எழுப்பும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவதும் அவர் தொழில். ஓர் அன்னத்தையோ மாங்காயையோ வரிசை வரிசையாக எண்ணிப் படிப்பது அவருக்குப் பேச்சைப் போலப் பழகியிருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுபவர். கட்டம் எண்ணும்போது மட்டும் வாய்க்குள் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று ஓடும், முடிவில் எண்ணைத் தமிழில் உரக்கச் சொல்வார். மூன்றாம் நாளே ஒரு பொழுதில் ஒரு ஏரியை முடித்துவிட்டார். ஏரிகளுக்கு எண்ணைத் தவிர அவர் வைத்த பெயர்களும் இருந்தன. "தோ பாருமா, இது மாங்கா. வால் மட்டும் கோணல். இந்த மாதிரி முந்தியில போட்டா பொண்ணு வூட்டுக்காரன் புடவையைத் திருப்பி வீசிடுவான்" என்பார். தாழம்பூ, கிளிமூக்கு, உடைந்த கோபுரம் என்று அறுபது ஏரிகளும் அவர் வாயில் புடவைப் புட்டாக்களாக மாறியிருந்தன. நான் சிரித்துக்கொண்டே எழுதுவேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தற்காலிகப் பணி. நாட்குறிப்பு எழுதும் பழக்கமும், நூலகத்திலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து படிக்கும் பழக்கமும் இருந்தன. எங்கள் வீட்டிலும் இரண்டு தறிகள் ஓடின. நானும் கட்டத் தாளுக்கு நடுவில் வளர்ந்தவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த பிழை தறி வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. ஒரு விவசாயியின் மகள் என் இடத்தில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தில் மூன்றாவதாக ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் சங்கிலிக்காரர். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அளவையாளருடன் ஏரிக்கரை ஏரிக்கரையாக நடப்பவர். அளவைக்குப் போகாத நாட்களில் தாள்களைக் கட்டுவது, கட்டுகளைச் சென்னைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது எல்லாம் அவர்தான். அவருடைய ஊரின் பெயரை எழுதவில்லை. மாகறல் போகும் பேருந்தில் பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டிய ஊர். அந்த ஊர் ஏரிக்கு நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் அவரும் அவருடைய உறவு மக்களும் குடியிருந்தார்கள். ஊருக்குள் இடம் தராததால் பாட்டன் காலத்தில் ஏரிக்குள் ஏறியவர்கள். சிலுவை வைத்த ஓட்டுக் கூரை அறை ஒன்று அவர்களுக்குக் கோயில். மழைக்காலத்தில் மேட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், ஆனால் மேடு நனைந்ததாக யாருக்கும் நினைவில்லை. "கப்பல்ல இருக்கிற மாதிரி சார். ஒரே குறை, கப்பல் எங்கியும் போவாது" என்று டிசைன் அண்ணனிடம் சொல்லி அவரே சிரிப்பார். அலுவலகத்தில் அவருக்கு மட்டும் சன்னலோரத்தில் தனி அலுமினிய டம்ளர் இருந்தது. அது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று சென்னையிலிருந்து வந்த விளக்கக் குறிப்பு நான்கு பக்கம், ஆங்கிலத்தில். டிசைன் அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. முதல் நாள் நான்தான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு ஏரி, நடுவில் ஒரு தீவு. தீவு குறுக்கிடும் வரிசையை இரண்டாக உடைத்து எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே எடுத்துக்காட்டும் இருந்தது. அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீவுள்ள ஏரி எதுவும் அப்போது எங்கள் மேசையில் இல்லை. "இது அப்புறம் வரும்போது பார்த்துக்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு நான்காம் பக்கத்துக்குப் போனேன். அவர் தலையாட்டினார்.

மார்ச் 11 அன்று 0037ஐ எடுத்தோம். மறுநாள் கட்டு சென்னைக்குப் போக வேண்டும். வரைபடத்தைப் பார்த்து நீலம் தீட்டியது நான். மேட்டின் இடம் வரைபடத்தில் வெள்ளையாக, புளியங்கொட்டை அளவில் இருந்தது. கட்டத் தாளில் அது சரியாக ஒரு கட்டத்துக்குள் அடங்கியது. அந்தக் கட்டத்தை வெள்ளையாகவே விட்டேன். அதுவரை சரி. பிறகு டிசைன் அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இருபத்திரண்டாவது வரிசையில் "பதினாலு, நாப்பத்தொண்ணு" என்றார். நான் பேனாவை நிறுத்தினேன்.

"அண்ணா, நடுவுல ஒண்ணு வெள்ளையா இருக்குது."

"அது இழை பிடிக்கறதுக்கு விட்டதுமா. எழுதிக்கினே இரு."

தறி வீட்டில் இல்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஜரிகையால் நிறைத்த பெரிய உருவம் ஒன்றை நெய்யும்போது, இழை நீளமாகப் பிடிப்பில்லாமல் கிடந்தால் வளையல் மாட்டி இழுத்துவிடும். அதனால் நிறைத்த பகுதிக்குள் அங்கங்கே ஒற்றைக் கட்டத்தை வெறுமையாக விட்டு இழையைக் கட்டுவார்கள். பழைய டிசைனை வேறு அளவுத் தாளுக்கு ஏற்றும்போது அந்த ஒற்றை வெள்ளைகளை யாரும் உருவமாக எண்ணமாட்டார்கள். அவற்றை நிறைந்ததாகவே கொண்டு எண்ணிவிட்டு, புது அளவுக்கு ஏற்றபடி வேறு இடங்களில் புதிதாக விடுவார்கள். இருபது ஆண்டுகளாக அவர் கண் அப்படித்தான் பழகியிருந்தது. நீலத்துக்கு நடுவில் ஒற்றை வெள்ளை தெரிந்ததும் கண் தாண்டிப் போய்விட்டது. ஏரியில் இழை ஏது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது, புரிந்ததாலேயே சரி என்று பட்டது. 14, 41 என்று எழுதினேன். மாலையில் சரிபார்ப்பவளாக அதே தாளை இன்னொரு முறை பார்த்து, இரண்டு எழுத்துகளைப் போட்டேன். மறுநாள் காலை சங்கிலிக்காரர் அந்தக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். கட்டுக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஜூலையில் சென்னையிலிருந்து அச்சிட்ட பட்டியல் வந்தது. ஓரத்தில் துளைகள் உள்ள, மடிப்பு மடிப்பான நீளத் தாள். அதைக் கிராமத்து வீட்டுப் பட்டியலுடன் ஒப்பிட்டு, ஏரி என்று பதிவான கட்டங்களில் விழுந்த வீடுகளையெல்லாம் ஆக்கிரமிப்பு என்று வேறோர் அலுவலகம் குறித்தது. அங்கிருந்து அறிவிப்புகள் கிளம்பின. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருடம் அது. அறிவிப்பை வாங்கியவர்கள் எதிர்த்துக் கேட்கப் பயந்தார்கள்.

ஜூலை 19 அன்று சங்கிலிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டிசைன் அண்ணனின் பலகை மேல் வைத்தார். நான் எதிரில் இருந்தேன்.

"சார், எங்க மேடு தண்ணிக்குள்ள இருக்குதாம். காலி பண்ணணுமாம். எங்க ஆயா பொறந்ததே அந்த மேட்டுலதான். இத்தினி வருஷமா தண்ணிக்குள்ள மூச்சு வுட்டுக்கினு இருந்திருக்கிறோம் பாருங்க. அப்ப நாங்க இன்னா சார், மீனா?"

அவர் சிரிக்கவில்லை. டிசைன் அண்ணன் அறிவிப்பைப் படித்தார். அதில் ஏரி எண் அச்சாகியிருந்தது. எழுந்து அலமாரியிலிருந்து 0037இன் கட்டத் தாளை எடுத்துவந்து விரித்தார். நீலத்துக்கு நடுவில் அந்த வெள்ளைக் கட்டம் அப்படியே இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த மைப்புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என் தப்பு" என்று சங்கிலிக்காரரிடம் சொன்னார். "வூட்டை நான்தான் எண்ணாம வுட்டேன். சரி பண்ணிடலாம்பா. இதுல ஒரு வரி எழுதினா முடிஞ்சுது."

அவர் அன்றே மேட்டுக்குப் போனார். அலுவலகத்திலிருந்து வேறு யாரும் போகவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அறுபது ஏரிகளின் தாள்களையும் எடுத்து, இம்முறை வாய்க்குள் எண்ணாமல் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு ஏரிகளில் ஒற்றை வெள்ளைகள் விட்டுப்போயிருந்தன. ஒன்று வெறும் பாறை, மற்றொன்று பனைமரங்கள் நிற்கும் திட்டு. அங்கெல்லாம் மனிதர்கள் இல்லை, அந்தப் பிழைகளால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டு. அதில் பழைய வரி, புதிய வரி, தயாரித்தவர் ஒப்பம், சரிபார்த்தவர் ஒப்பம் ஆகியவை வேண்டும். இரண்டு ஒப்பங்களும் முதலில் போட்டவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. டிசைன் அண்ணன் அதை நிரப்பித் தன் ஒற்றை எழுத்தைப் போட்டு அதிகாரியிடம் கொண்டுபோனார். நானும் கூப்பிடப்பட்டேன். அதிகாரி கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். அந்த வருடம் எல்லோருமே பயந்தவர்கள்.

"இயந்திரம் போட்ட கணக்குய்யா இது" என்றார். "ஒரு ஏரியில தப்புன்னு எழுதினா, அறுபதையும் திரும்ப எண்ணுன்னு சொல்லுவாங்க. எண்ணுறதுக்கு நீ இருப்பே. பதில் சொல்றதுக்கு நான் இருப்பேனா?"

"அறுபதையும் எண்ணிட்டேன் சார். மூணுதான் தப்பு."

"நீ எண்ணினா ஆச்சா? புடவைக்குப் பூ போடுறவன் எண்ணி, கவர்மென்ட் திருத்தணுமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "நீங்க ஒப்பம் போட்டா நான் மேலே அனுப்பறேம்மா. தடுக்கமாட்டேன். ஆனா உங்க நிரந்தர ஆர்டர் இந்த மேசையிலதான் இருக்குது. சரிபார்க்கத் தெரியாதவங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, அதுல நான் என்னன்னு கையெழுத்துப் போடுறது? யோசிச்சு வைங்க."

நான் யோசித்தேன். என் வீட்டு நிலைமை, அந்த ஆர்டருக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்பதையெல்லாம் இங்கே எழுதலாம். எழுதினால் வாசிப்பவர்களில் சிலர் என்னை மன்னித்துவிடுவார்கள். அதனால் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிசைன் அண்ணன் படிவத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தார். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தது நிஜம்.

"ஆர்டர் வந்ததும் போட்டுத் தரேன் அண்ணா."

"எப்ப வருமாம்?"

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள."

"மேடு அது வரிக்கும் நிக்குமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நெசவுக்காரர் ஒருவரிடம் புடவை தறியிலிருந்து என்றைக்கு அறுபடும் என்று விசாரிக்கும் குரல்தான். படிவத்தை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அது அங்கே இருந்தது. மூன்று நாளும் அந்த இழுப்பறையைத் திறக்காமல் வேலை பார்த்தேன். பேனா மை தீர்ந்தபோதுகூடப் பக்கத்து மேசையில் கடன் வாங்கினேன். நான்காம் நாள் காலை அவரே வந்து எடுத்துக்கொண்டார். சங்கிலிக்காரர் அந்த மூன்று நாளும் வழக்கம்போல என் மேசையைத் துடைத்தார்.

ஆகஸ்டு 20 அன்று மேடு காலி செய்யப்பட்டது. நான் அங்கே இல்லை. டிசைன் அண்ணன் போயிருந்தார். தட்டுமுட்டுச் சாமான்களைச் சேற்றில் இறக்காமல் கரைக்குக் கொண்டுவர நாள் முழுவதும் கூடவே சுமந்திருக்கிறார். மறுநாள் வேட்டியில் களிமண் கறையோடு வந்து உட்கார்ந்தபோது அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சங்கிலிக்காரர் குடும்பம் செவிலிமேட்டுக்கு அப்பால் சாலையோரத்தில் கொட்டகை போட்டது. மற்றவர்கள் கூரம் பக்கம், வாலாஜாபாத் பக்கம் என்று உறவு இருந்த இடங்களுக்குப் போனார்கள்.

செப்டம்பர் 3 அன்று ஆர்டர் என் கைக்கு வந்தது. அதை வாங்கிய கையோடு டிசைன் அண்ணனின் பலகைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் யோசிக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன். "அந்தப் படிவத்தைக் கொடுங்க அண்ணா, போட்டுடறேன்" என்றேன்.

அவர் பிரஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இப்ப எதுக்குமா? அங்கதான் யாரும் இல்லியே. நாம எழுதினதை அவங்க சரியாக்கிட்டாங்க."

அந்த வருடம் நவம்பரில் நல்ல மழை. பாலாற்றில் வெள்ளம் போனது. ஏரிகள் நிரம்பின. மாத இறுதியில் ஒரு நாள் நான் தனியாக அந்த ஊருக்குப் பேருந்தில் போய்க் கரை மேல் ஏறினேன். ஏரி, உபரி நீர் வழியும் கடைவாசல் வரை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் மேடு நின்றது. ஒரு முழ உயரத்துக்காவது தண்ணீருக்கு மேலே, உலர்ந்த மண்ணோடு. வேப்பமரம் ஒன்றும், கூரை இல்லாத சுவர்களும், சிலுவை இருந்த அறையின் வாசற்படியும் தெளிவாகத் தெரிந்தன. வாசற்படி நனையவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, யாரைப் பாக்க வந்தே? அங்க இருந்தவங்க எல்லாம் போய்ட்டாங்களே" என்றாள். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். அன்றைய நாட்குறிப்பில் மழை அளவு மட்டும் எழுதியிருக்கிறேன்.

டிசைன் அண்ணனை அடுத்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏரிகள் முடிந்துவிட்டன என்பது காரணம். அவர் தன் தொழிலுக்கே திரும்பிப் போனார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை, ஜக்கார்டு பரவிக்கொண்டிருந்த காலம், அட்டை போடத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நான் வேறோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டேன். சில மாதங்களில் சங்கிலிக்காரரும் அங்கேயே வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அவரும் நானும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். காலையில் நான் படியேறும்போது, "வாங்கம்மா" என்பார். என் மகன் பிறந்தபோது இரண்டு இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அலுவலகத்திலும் அவருக்குத் தனி டம்ளர்தான். அதை ஒரு நாள் நான் எடுத்து மற்றவற்றோடு வைத்தேன். மறுநாள் அது பழைய இடத்துக்கே போயிருந்தது. வைத்தது அவரே என்று பிறகு தெரிந்தது. நான் திரும்ப முயலவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தம்பி மகள். சென்னையில் கணினி வேலை. ஏரி, வயல், வார்டு என்று நிலத்தின் உருவங்களையெல்லாம் நிரல் எழுதி ஒரே பொது வடிவத்துக்கு மாற்றும் வேலை. போன தை மாதம் வீட்டுக்கு வந்தவள் மடிக்கணினியில் அதைக் காட்டினாள். நாங்கள் ஒரு பொழுது எண்ணிய ஏரி அவள் விரல் தட்டியதும் எண்களாகக் கொட்டியது. உருவத்தின் விளிம்பைப் புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொண்டே போய், தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டுமாம். "உள்ளே மேடு, தீவு ஏதாவது இருந்தா அதுக்கு இன்னொரு வளையம் தனியா எழுதணும் அத்தை. எழுதலேன்னா உள்ள இருக்கிறதும் ஏரின்னு நிரம்பிடும். எங்க பசங்க அடிக்கடி பண்ற தப்பு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த ஊர் ஏரியை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். ஒரே வளையம். உள்ளே எதுவும் இல்லை. அதே ஏரியின் மேலிருந்து எடுத்த புகைப்படத்தையும் காட்டினாள். நடுவில், சீமைக்கருவேலம் மண்டிய ஒரு திட்டு பளிச்சென்று தெரிந்தது. அவள் வைத்திருந்த உருவம் எங்கள் 1976 பட்டியலிலிருந்து வழிவழியாக வந்ததா, அல்லது வேறு யாரோ புதிதாகச் செய்த பிழையா என்று விசாரிக்கச் சொன்னேன். விசாரித்தாள், மூலம் தெரியவில்லை என்றார்கள். "வேணும்னா நான் சரி பண்ணிடறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். அவள் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

இந்தக் குறிப்பில் உள்ள தேதிகளை என் நாட்குறிப்புகளோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். வரிசை எண், கட்ட எண் இரண்டும் கார்பன் நகலில் உள்ளபடியே இருக்கின்றன. வீடுகளின் எண்ணிக்கை அறிவிப்பில் இருந்தது. ஒரே ஒரு செய்தியை மட்டும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

1979 வைகாசியில், கருட சேவைக் கூட்டத்தில் டிசைன் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தேன். நெரிசலில் இரண்டு நிமிடம் பேசினோம். நான் கேட்காமலேயே அவர் சொன்னார். மேடு காலியான அன்று, சாமான்களைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "நீங்க எழுதினீங்க, சரி. சரிபாத்தது யாரு சார்?" என்று சங்கிலிக்காரர் கேட்டாராம். "நானேதான்பா எழுதினேன், நானேதான் பாத்தேன்" என்று இவர் சொன்னாராம். "உன் பேரை எடுக்கலமா, நீ பயப்படாதே" என்றார். அதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

சங்கிலிக்காரர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அளவைத் துறையில் இருபது ஆண்டுகள் இருந்தவர். ஒருவர் தயாரித்ததை அவரே சரிபார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்த மூன்று நாட்கள் என் இழுப்பறையில் என்ன இருந்தது என்பதும் தெரிந்திருக்கலாம், என் மேசையைத் துடைத்தவர் அவர். ஒன்பது ஆண்டுகள் காலைதோறும் "வாங்கம்மா" என்று சொன்னது தெரியாமல் சொன்னதா, தெரிந்தே சொன்னதா? எந்த நாளும் படியில் நின்று கேட்டிருக்கலாம். அவர் 1986இல் இறந்துபோனார். இது சரிபார்க்கப்படவில்லை.